பேசுகிற மாதிரி யாரும் பேசுவதில்லை

“பேசுகிற மாதிரியே எழுது.”

கதை எழுத வரும் பிள்ளைகளுக்குச் சேலம், நாமக்கல் பக்கம் கிடைக்கும் முதல் உபதேசம் இதுதான். பலருக்குக் கடைசி உபதேசமும் இதுவே. எந்தக் கல்லூரியில் சிறுகதைப் பட்டறை நடந்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார், காதைத் தீட்டிக்கொள், விழுகிறதை அப்படியே தாளில் இறக்கு, உரையாடல் தானாக உயிர் பெற்றுவிடும். வருடக்கணக்காகக் கேட்டுவருகிறேன். கடைசியாக ஓமலூருக்குப் பக்கத்தில் நடந்த ஒரு பட்டறையில் பெயர்பெற்ற பேச்சாளர் ஒருவர் இதையே முக்கால் மணி நேரம் விரித்துரைத்தார். விரித்துரைத்தது அட்சர சுத்தமான மேடைத் தமிழில். மக்கள் மொழிதான் ஊற்றுக்கண் என்றார். அந்த ஊற்றிலிருந்து ஒரு சொட்டுகூட அவர் பேச்சில் தெறிக்கவில்லை. பிள்ளைகள் மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். பேச்சுதான் உயிருள்ள மொழி, எழுத்துத் தமிழ் பிணம். பழைய ஆட்கள் வசனம் எழுதிக் கெடுத்ததை இப்போதுதான் நாம் மீட்டுக்கொண்டிருக்கிறோம். வட்டார வழக்கு என்றால் ஒலிப்பை அப்படியே எழுத்தில் கொண்டுவருவது. உரையாடலில் ‘என்றான்’, ‘என்றாள்’ அறவே கூடாது. இதெல்லாம் சந்தேகமாக இருந்தால் கி.ராஜநாராயணனைப் பார். கி.ரா. பெயர் வந்ததும் அரங்கில் கைதட்டல். அந்தப் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டில் எந்த வாதத்துக்கும் கைதட்டல் கிடைக்கும்.

‘இப்போதுதான்’ என்பதை முதலில் தள்ளிவிடலாம். ராஜமய்யர் ‘கமலாம்பாள் சரித்திர’த்தை விவேக சிந்தாமணியில் தொடராக எழுதியது 1890-களில். அதிலேயே மதுரைப் பக்கத்து அக்கிரகாரத்துப் பேச்சு வந்துவிட்டது. ஆர்.சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கொங்குப் பேச்சோடு வெளிவந்தது 1942-இல். நம்முடைய புரட்சிக்கு வயது நூற்றி முப்பது. அதைப் புதுமை என்று விற்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

பேச்சு உயிருள்ளது என்கிறார்களே, அதற்கு வருவோம். ஓமலூர் பேருந்து நிலையத்தில் ஏதாவது ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் செல்போனில் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு சொல்லையும் விடாமல் எழுதிப் பாருங்கள். “அது வந்து… இப்ப என்னாச்சுன்னா… இல்ல இல்ல, நீ கேளு… அவன் வந்து, அதான் அந்த, யாரு… செரி விடு.” பத்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் இப்படித்தான் போயிருக்கும். பேசுகிறவர்களுக்கு இது போதும். முகம் இருக்கிறது, கை இருக்கிறது, பத்து வருடப் பழக்கம் இருக்கிறது. தாளில் இவை எதுவும் ஏறாது, குப்பை மட்டும் ஏறும். பேச்சை அப்படியே எழுதுவதாகச் சொல்கிற எந்த எழுத்தாளரும் இதை எழுதியதில்லை. எல்லோரும் வெட்டுகிறார்கள், அடுக்குகிறார்கள், ஒருவர் வாயில் வந்ததை இன்னொருவர் வாயில் போடுகிறார்கள். உரையாடல் எழுதுகிற வேலையே அந்த வெட்டும் அடுக்கும்தான். அதைச் சொல்லித் தராமல் ‘காதைத் தீட்டு’ என்றால் எப்படி?

ஒலிப்பை எழுத்தில் இறக்குவது என்கிற விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே எரிச்சல் வருகிறது. கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

தமிழ்நாட்டில் யார் ‘இலை’ என்று உச்சரிக்கிறார்கள்? பந்தியில் உட்கார்ந்து எதைப் போடச் சொல்கிறோம்? ‘எலை’யைத்தான். விலை ‘வெலை’, குடை ‘கொடை’, உலகம் ‘ஒலகம்’, புடவை ‘பொடவை’. சொல்லின் முதலில் இகரமோ உகரமோ இருந்து, ஒற்றை மெய்க்குப் பிறகு அகரமோ ஐகாரமோ வந்தால் பேச்சில் அது எகரமாகவும் ஒகரமாகவும் திரும்பிவிடும். இதற்குச் சாதி கிடையாது, படிப்பு கிடையாது, மாவட்டம் கிடையாது. மாவட்ட ஆட்சியரும் வீட்டில் ‘வெலை’தான் சொல்வார். பல்கலைக்கழகப் பேராசிரியரும் மழையில் ‘கொடை’தான் தேடுவார்.

இப்போது நம் பட்டறைப் பிள்ளைகளின் கதையைப் பிரியுங்கள். அதில் வருகிற வாத்தியார் “இதன் விலை என்ன?” என்றோ, மிஞ்சிப்போனால் “விலை எவ்வளவுங்க?” என்றோ கேட்பார். கிழங்கு பிடுங்க வந்த கூலிக்காரர் “வெல எம்புட்டு?” என்பார். முதல் சொல்லில் இருவர் வாயிலும் வந்தது ஒரே ஒலி. அது தாளில் ஒருவருக்கு ‘விலை’, இன்னொருவருக்கு ‘வெல’. அப்படியானால் இங்கே பதிவாகியிருப்பது ஒலியா? எழுதியவர் மனதில் இருவருக்கும் கொடுத்திருக்கிற இடம் பதிவாகியிருக்கிறது, அவ்வளவே. படித்தவன் பேசினால் சரியான எழுத்துக்கூட்டல், படிக்காதவன் பேசினால் பிழையான எழுத்துக்கூட்டல். மக்கள் மொழிக்குக் கொடி பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு மக்களின் வாயில் எழுத்துப்பிழையைத் திணித்துவைத்திருக்கிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால், இப்படி எழுதுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். தன் அம்மாவின் பேச்சைக் கொச்சையாகவும் தன் பேச்சைச் செம்மையாகவும் எழுதிவிட்டு வந்து பரிசு வாங்குகிறார்கள்.

ஒலியையாவது ஒழுங்காகப் பிடிக்கிறார்களா? பிடிக்க முடியாது. நம் எழுத்தில் அதற்கு வசதி இல்லை. ‘மரம்’ என்று சொல்லும்போது யாரும் கடைசியில் உதட்டை மூடுவதில்லை. மகரம் மூக்கில் கரைந்துபோகிறது. ‘வந்தான்’ என்பதில் கடைசி னகரமும் அப்படியே. மூக்கொலி ஏறிய அந்த உயிருக்குத் தமிழில் எழுத்து கிடையாது. ‘வந்தாள்’ என்பது பேச்சில் ளகரத்தை விட்டுவிட்டு ‘வந்தா’ என்று நிற்கிறது. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிற சூரர் இருந்தால் அவருக்கு ‘அவன் வந்தா’, ‘அவ வந்தா’ என்று இரண்டும் ஒன்றாகிவிடும். அப்படி யாராவது எழுதுகிறாரா? எல்லோரும் சத்தம் போடாமல் ‘வந்தான்’ என்று இலக்கணத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். ‘வெல’ என்று எழுதும்போது இருந்த ஒலிப்பற்று ‘வந்தான்’ வரும்போது எங்கே போயிற்று?

நாகர்கோவிலில் இருக்கும் ஒரு பெண் கதையில் பொது எழுத்துக்கூட்டலில் ஒரு பேச்சைப் படித்தால் அவள் காதில் அவளுடைய ஊர் ஒலி கேட்கும். ஓமலூர்க்காரர் படித்தால் ஓமலூர் ஒலி. எழுத்துக்கூட்டல் பொதுவாக இருப்பதால்தான் அத்தனை வாய்களும் அதில் நுழைய முடிகிறது. அதை ஒரு வாய்க்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தால் அந்த ஒரு வாய்க்கும் சரியாக இருக்காது, மற்றவர்களுக்கும் உதவாது. இந்தக் கதைகளில் ஒன்றை இரண்டு பக்கம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ‘எனக்குப் புரியவில்லை, ஆனால் மண்வாசனை இருக்கிறது’ என்று சொன்ன நடுவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கதைசொல்லியின் நடை என்று ஒன்று இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். பாத்திரங்கள் பேசும் வரிகளில் சொற்கள் முண்டும் முடிச்சுமாக இருக்கும். அதற்கு அடுத்த வரியில் கதைசொல்லி வந்து “என்று கூறியவாறு புன்முறுவல் பூத்தாள்” என்பார். மேற்கோள் குறிக்கு உள்ளே சேறு, வெளியே சலவைக்கல். பாமா 1992-இல் ‘கருக்கு’ எழுதியபோது இந்தச் சுவரையே எடுத்துவிட்டார். சொல்கிறவரும் அதே மொழியில்தான் சொல்கிறார், தன்னை உயரத்தில் நிறுத்திக்கொண்டு மற்றவர் பேச்சைக் காட்சிப் பொருளாக்கவில்லை. அவ்வளவு தூரம் போக மனமிருந்தால் போகட்டும், வணங்குகிறேன். பாதி வழியில் நின்றுகொண்டு கீழே இருப்பவரை மட்டும் கொச்சையாகப் பேசவைப்பதற்கு மக்கள் மொழி என்று பெயர் வைக்க வேண்டாம்.

வட்டாரம் எழுத்துக்கூட்டலில் இல்லை என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஒறம்பரை, நோம்பி, ஒட்டுக்கா, கட்டுத்தாரை. விருந்தாளி, திருவிழா, ஒன்றாகச் சேர்ந்து, மாடு கட்டுமிடம். இந்தச் சொற்களை எவ்வளவு சுத்தமாக எழுதினாலும் கொங்குநாடு போகாது. ‘அப்புச்சி’ என்று ஒருவர் கூப்பிட்டால் அம்மாவின் அப்பா வந்து நிற்கிறார். பெருமாள்முருகன் 2000-இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைத் தொகுத்து வெளியிட்டார். கி.ரா.வின் கரிசல் அகராதி அதற்கு முன்பே, 1982-இல் வந்துவிட்டது. இரண்டுமே சொல்லகராதிகள். ‘வெல – விலை’, ‘ஒலகம் – உலகம்’ என்று நிரப்பி யாரும் அகராதி போடுவதில்லை. பட்டறை நடத்துபவர்கள் அந்தப் புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கொடுக்க மாட்டார்கள், பிறகு முக்கால் மணி நேரம் எதைப் பேசுவது?

அடுத்தது ‘ங்க’. கொங்குத் தமிழ் என்றாலே வரிக்கு ஒரு ‘ஏனுங்க’, ஒரு ‘சொல்லுங்’ போட வேண்டும் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன, சினிமாதான். கோவை சரளாவும் மணிவண்ணனும் திரையில் பேசிப் புகழ்பெற்றது ஒரு பேச்சு. அவர்கள் வாயில் அது இனிக்கும். அதை எடுத்துக்கொண்டுவந்து ஓமலூர்க்காரன் வாயில் வைத்தால் பொருந்துமா? ஓமலூரிலிருந்து வடக்கே போனால் தருமபுரி. மேற்கே மேட்டூர், ரயிலே இங்கிருந்து பிரிந்துதான் அணைக்குப் போகிறது. தென்மேற்கே தாரமங்கலம், சங்ககிரி தாண்டினால் திருச்செங்கோடு. மூன்று திசைப் பேச்சும் வந்து முட்டுகிற இடம் இது. இந்த ஊர்ப் பேச்சு முழுக் கொங்கும் இல்லை, முழு வடதமிழும் இல்லை. காதைத் தீட்டச் சொன்னவரின் சீடர்களுக்கே இது கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கோயம்புத்தூர்ச் சினிமாப் பேச்சை எழுதிவிட்டு ‘எங்க ஊர் மண்ணு’ என்கிறார்கள்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. ‘ங்க’ என்பது ஏதோ இந்தப் பக்கத்து மனிதர்களின் இயல்பான மரியாதை, தண்ணீரின் குணம் என்பதுபோல எல்லோர் வாயிலும் எல்லோரிடமும் தெளிக்கிறார்கள். தோட்டத்தில் கூலிக்குப் பண்ணையம் பார்க்கிறவர் ‘ங்க’ போடுகிறார்; தோட்டத்தின் சொந்தக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பையன் அவரைப் பெயர் சொல்லி ‘டா’ போட்டுக் கூப்பிட்ட காலம் ஒன்றும் அவ்வளவு பழையது இல்லை. யார் ‘ங்க’ சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள், யாருக்கு அது திரும்பி வருவதில்லை என்று பார்த்தால் ஊரின் கணக்கு முழுவதும் அந்த இரண்டு எழுத்தில் வந்துவிடும். கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலியப் பையன்களைப் பற்றிய ‘கூளமாதாரி’யைப் பெருமாள்முருகன் எழுதியது இந்தத் தெளிவு இருந்ததால்தான். எல்லோரும் எல்லோரிடமும் ‘ங்க’ போடுகிற கதையில் சாதி இருக்காது. சாதி இல்லாத கிராமத்துக் கதை வேண்டுமானால் எழுதட்டும், மண்வாசனை என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

வெறுமனே குறை சொல்கிறேன் என்பார்கள். ஒரு சின்ன மாதிரி தருகிறேன். இடம் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் வாசல். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஏற்றிய வண்டி நிற்கிறது. பட்டறையில் படித்த பிள்ளை எழுதினால்:

“ஏனுங் மொதலாளி, கெழங்குக்கு இன்னிக்கு என்ன வெலைங்?”
“பாயிண்டு கம்மியாத்தா இருக்குமுங். நீ பேசாம எறக்கிப்போட்டுட்டுப் போ.”
“ஐயோ, இப்புடிச் சொன்னா எங்க பொழப்பு என்னாவுறதுங்?”

மண்ணும் வாசனையும் ஏராளம். மூன்று வரியிலும் எல்லோரும் மனதில் உள்ளதை அப்படியே கொட்டிவிட்டார்கள். முதலாளி கெட்டவர், விவசாயி பாவம். நமக்கு மேற்கொண்டு படிக்க வேலை இல்லை. முதலாளியும் விவசாயிக்கு ஒரு ‘ங்’ போட்டுவிட்டு அடுத்த சொல்லிலேயே ‘நீ’ என்கிறார், அதுவும் கண்ணில் படவில்லை. இதையே எந்த ஒலிப்பு வித்தையும் இல்லாமல் எழுதிப் பார்க்கலாம்:

“விலை என்னங்க இன்னைக்கு?”
“எப்போ பிடுங்கினது?”
“நேத்துப் பொழுதோடங்க.”
“வண்டி யாருது?”
“மச்சானுதுங்க.”
“அப்போ வாடகை இல்லை.”

கேட்ட கேள்விக்குப் பதிலே வரவில்லை. மில்காரர் திரும்பக் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் விலையை ஒரு படி இறக்குகிறது. பிடுங்கிய கிழங்கு நிற்க நிற்கக் கெடும், மாவுச்சத்து பாயிண்ட் குறையும் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். வண்டி வாடகை இல்லை என்றால் அந்தப் பணத்தையும் விலையில் கழிக்கலாம் என்பதும் தெரியும். ஒருவர் பக்கம் மட்டும் ‘ங்க’ இருக்கிறது. சேலத்துக்காரர்களுக்கு இது சேலம் என்று புரிய ஒரு ‘வெல’கூடத் தேவைப்படவில்லை. இதைப் பெரிய இலக்கியம் என்று சொல்லவில்லை. உரையாடல் என்பது கேள்விக்குப் பதில் வராத இடத்தில் தொடங்குகிறது என்பதைத்தான் காட்டப் பார்க்கிறேன்.

பூமணியின் ‘வெக்கை’யை (1982) இந்தக் கண்ணோடு ஒரு முறை படிக்க வேண்டும். கொலை செய்துவிட்டு ஓடுகிற பதினைந்து வயதுப் பையனும் அவன் அப்பாவும் காட்டில் திரிகிறார்கள். சோற்றைப் பற்றியும் தங்குமிடத்தைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சின் அடியில் என்ன ஓடுகிறது என்று அப்பாவும் சொல்வதில்லை, பையனும் சொல்வதில்லை. அதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படத்தைப் பார்த்துவிட்டுக் கதை தெரியும் என்று நினைப்பவர்களுக்கு இந்த அடங்கிய பேச்சு அதில் கிடைத்திருக்காது.

இனி, வசனம் எழுதிக் கெடுத்தவர்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் பேச்சாளர்களின் கை தவறாமல் சேலத்தின் ஏற்காடு சாலைப் பக்கம் நீளும். டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம். இப்போது முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அங்கே எடுத்த ‘மந்திரி குமாரி’ 1950-இல் வந்தது. மு.கருணாநிதி வசனம். அடுத்து 1952-இல் ‘பராசக்தி’, அது இந்த ஊர்த் தயாரிப்பு இல்லை என்றாலும் வாதத்தில் சேர்த்துக்கொள்வார்கள். “இப்படி எந்த மனுஷன் பேசுவான்?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். எவனும் பேச மாட்டான்தான். பேசவே மாட்டாத அந்த வசனத்தை ஊர் ஊராக மக்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். கதை வசனப் புத்தகம் போட்டு விற்றார்கள், இசைத்தட்டில் பாட்டுக்குப் பதில் வசனத்தைக் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அடுக்குமொழியை வாயில் போட்டுக்கொண்டு அலைந்தார்கள். மக்கள் தங்கள் மொழியில் எழுதினால்தான் ஏற்பார்கள் என்கிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள்? பராசக்தியின் நீதிமன்றத்தில் குணசேகரன் நீதிபதியிடம் பேசவில்லை, கொட்டகையில் உட்கார்ந்திருந்த கூட்டத்திடம் பேசினான். கேட்கிறவர் யார் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் அந்த நடை நின்றது. (மந்திரி குமாரியை டி.ஆர்.சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கிய எல்லிஸ் ஆர்.டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர் என்பதையும் பட்டறைக்காரர்கள் யோசிக்கலாம். காது தீட்டாமலே காரியம் நடந்திருக்கிறது.)

மு.வரதராசன் நாவல்களில் எல்லோரும் பாடப்புத்தகத் தமிழில் பேசினார்கள். ‘அகல் விளக்கு’க்கு 1961-இல் சாகித்திய அகாதெமி விருது. ஒரு தலைமுறையே அவற்றைப் படித்து அழுதது. அந்தக் கண்ணீர் போலி என்று யாராவது நிரூபித்தால் ஒப்புக்கொள்கிறேன். கல்கியின் வந்தியத்தேவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பத்தாம் நூற்றாண்டில் வீராணம் ஏரிக்கரையில் என்ன பேசினார்கள் என்று காதைத் தீட்டிக் கேட்டவர் யார்?

‘என்றான்’, ‘என்றாள்’ கூடாது என்பது கடன் வாங்கிய சரக்கு. அமெரிக்க எழுத்தாளர் எல்மோர் லெனர்ட், உரையாடலுக்குப் பின்னால் ‘சொன்னான்’ என்பதைத் தவிர வேறு வினை போடாதே என்று விதி வகுத்தார். ‘முணுமுணுத்தான், உறுமினான், கொக்கரித்தான்’ தொல்லை அங்கே அதிகம். அவர்கூடச் ‘சொன்னான்’ என்பதைத் தடை செய்யவில்லை. அந்த விதி கடல் தாண்டி வரும்போது யாரோ பாதியைக் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள். நமக்கு அந்தச் சிக்கலே அவ்வளவு இல்லை. ‘வாடி’ என்றால் யார் யாரிடம் என்பது அந்தச் சொல்லிலேயே பாதி தெரிந்துவிடுகிறது. ‘வாங்க மாமா’ என்றால் முக்கால்வாசி. தமிழில் விளிச்சொல்லும் வினைமுற்றும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. அதோடு ‘என்று’ என்கிற ஒரு சின்னச் சொல்லை வைத்துக்கொண்டு, மேற்கோள் குறி போடாமலே ஒருவர் பேச்சை இன்னொருவர் வாய்க்குள் வைக்கலாம்: மாமனார் வீட்டுக்கு இனி அடியெடுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் நோம்பிக்கு முதல் ஆளாக வந்து நின்றான். இங்கே பேசியது அவன், சிரிப்பது ஊர். இப்படிப்பட்ட வசதி இருக்கும்போது அதைத் தடை செய்து எதைச் சாதிக்கப் போகிறார்கள்?

உரையாடலுக்கு விதி வேண்டும் என்றால் உள்ளூரிலேயே கிடைக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு முப்பத்து நான்கு உறுப்புகள் சொல்கிறது. அவற்றில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் ஆகியவையும் உண்டு. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, எதற்காக, எதைச் சொல்லாமல் விடுகிறார். கடைசியில் முன்னம்: இந்த இடத்தில் இந்தப் பேச்சு இவர் வாயிலிருந்து வரத் தகுமா என்பதைப் படிக்கிறவர் உணர்வது. அகப்பாடல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் யாரிடமோ பேசுவதுதான், அதனால் இந்தக் கணக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஒலிப்பை எப்படி எழுதுவது என்று அந்தப் பட்டியலில் ஒரு சொல்லும் இல்லை. மில் வாசலில் நடந்த பேச்சை இந்த ஏழில் வைத்துப் பாருங்கள், ஏழுக்கும் விடை இருக்கும். பட்டறைக் கதையை வையுங்கள், எச்சத்தில் தடுக்கி விழும். இதைப் பட்டறையில் சொன்னால் ‘பண்டிதத்தனம்’ என்பார்கள். எல்மோர் லெனர்டைச் சொன்னால் பண்டிதத்தனம் இல்லையாம்.

கடைசியாகக் கி.ரா. பேச்சு நடையை ஆதரித்து அவரே நிறையப் பேசியிருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. எழுத்தாளர்கள் தங்கள் எழுத்தைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு அவர்கள் செய்ததைப் பார்ப்பதுதான் வழக்கம். ‘கோபல்ல கிராமம்’ 1976-இல் வந்தது. தெற்கே ஓடிவந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய கம்மவார்களின் கதை. அவர்களுடைய வீட்டு மொழி தெலுங்கு. அக்கையாவும் மங்கத்தாயாரு அம்மாளும் நாவலில் தமிழில் பேசுகிறார்கள். அதை யார் வாயிலிருந்தும் அப்படியே இறக்கியிருக்க முடியாது, கி.ரா. தெலுங்குப் பேச்சுக்கு ஒரு தமிழைச் செய்தார். அந்தத் தமிழைப் படித்துவிட்டுத்தான் ‘ஆகா, அப்படியே பேசுவது போலவே இருக்கிறது’ என்று இவர்கள் கை தட்டுகிறார்கள். ஹெமிங்வே 1940-இல் ஸ்பெயின் மலைக்குள் நடக்கும் நாவலை எழுதியபோதும் இதே சிக்கல். ஸ்பானியப் பேச்சைக் காட்ட அவர் வழக்கொழிந்த பழைய ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டார். ஸ்பெயினிலும் அப்படிப் பேசவில்லை, அமெரிக்காவிலும் பேசவில்லை.

சேலம் வட்டாரத்து எழுத்தாளருக்கு இது தூரத்துப் பிரச்சினையும் இல்லை. இங்கே தறி ஓடும் வீடுகளில் எத்தனையோ வீடுகளுக்குள் கன்னடமோ தெலுங்கோ சௌராஷ்டிரமோதான் பேச்சு. வாசலுக்கு வந்தால் தமிழ். பாவு ஓட்டுகிற அம்மா மகளை எந்த மொழியில் திட்டுகிறாளோ அந்த மொழி தமிழ்க் கதைக்குள் வர வழியில்லை, அவள் திட்டு மட்டும் வர வேண்டும். ‘பேசுகிற மாதிரியே எழுது’ என்கிறவரிடம் பட்டறை முடிந்ததும் ஒரு மாணவி இதைத்தான் கேட்டாள். எங்கள் வீட்டில் தமிழே பேச மாட்டோம் ஐயா, நான் எதை எழுதுவது? பேச்சாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதையும் வட்டார வழக்கிலேயே எழுதும்மா என்றார். எந்த வட்டாரம் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவரை ஏற்றிப்போகக் கார் வந்து நின்றது.